அடிபட்டு விழுந்த ஆந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

தாம்பரத்தை அடுத்த ஒரு குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், ஒரு சாண் அளவுள்ள ஆந்தை ஒன்று விழுந்து கிடக்கிறது. அதன் ஒரு பக்கத்து இறக்கை தொங்குகிறது. காகங்கள் சூழ்ந்துகொண்டு கொத்துகின்றன. வீட்டில் பெரியவர்கள் பால் ஊற்றச் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பழைய கிளிக்கூண்டு ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பால் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். காகங்களை விரட்டிவிட்டு, ஆந்தையைத் துணியால் மூடி எடுத்து, மூடியுள்ள ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, வனத்துறைக்கோ காட்டுயிர்களைப் பார்க்கும் மருத்துவமனைக்கோ உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் நம்மால் ஆகக்கூடிய உதவி இவ்வளவுதான். இதற்கு மேல் நாம் அன்போடு செய்கிற பலவும் அந்த உயிருக்குத் தீங்காக முடிகின்றன என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பதால், ஒவ்வொன்றையும் ஏன் செய்ய வேண்டும், ஏன் செய்யக் கூடாது என்று காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கையில் எடுத்தவுடன் ஆந்தை அசையாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது நம்மை நம்பி அமைதியாகிவிட்டது என்று நினைத்து, தடவிக்கொடுத்து, குழந்தைகளை அழைத்துக் காட்டி, படம் எடுப்பது வழக்கமாக இருக்கிறது. காட்டில் வாழும் உயிருக்கு மனிதக் கை என்பது தன்னைப் பிடித்துவிட்ட வேட்டை விலங்குதான். அது அசையாமல் இருப்பதற்குக் காரணம் பயமும் அதிர்ச்சியும். இறகுகளைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு, கண் செருக உட்கார்ந்திருக்கும் பறவை மிக மோசமான நிலையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அலகைச் சட்சட்டென்று தட்டி, கால் நகங்களை நீட்டிச் சண்டைக்கு நிற்கும் ஆந்தைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. பயத்தினால் மட்டுமே இதயம் நின்றும், தசைகள் சிதைந்தும் இறந்துபோகும் பறவைகளும் மான்களும் உண்டு. அதனால்தான் இருட்டும் அமைதியும் மருந்துக்கு முன்பே தேவைப்படுகின்றன.

இனி எடுக்கும் முறை. பகலில் வெளியே தென்படும் ஆந்தையைக் காகங்களும் மைனாக்களும் விரட்டுவது இயல்பு. எனவே சில சமயம் அதற்குக் காயம் எதுவும் இருக்காது, துரத்தல் தாங்காமல் தரையிறங்கி ஒடுங்கியிருக்கும். நீங்கள் சொல்வதுபோல் இறக்கை தொங்கினால் அது எலும்பு முறிவாகவோ மூட்டு விலகலாகவோ இருக்கலாம். இப்போது எடுப்பதுதான் சரி. ஒரு பழைய துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமாகச் சென்று, தலை உட்பட உடல் முழுவதும் மறையும்படி துண்டைப் போடுங்கள். பார்வை மறைந்தவுடன் பெரும்பாலான பறவைகள் அடங்கிவிடும். இரண்டு இறக்கைகளும் உடலோடு ஒட்டியிருக்குமாறு துண்டோடு சேர்த்துப் பிடியுங்கள். ஆந்தையின் ஆயுதம் அலகைக் காட்டிலும் கால்கள்தான்; அந்த நகங்கள் விரலைத் துளைத்துவிட்டால் இழுக்க இழுக்க இறுகும். ஆகையால் கால்கள் துணிக்குள்ளேயே இருக்கட்டும். மார்பை மட்டும் இறுக்கிப் பிடித்துவிடாதீர்கள். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைகளுக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவற்றால் மூச்சுவிட முடியும். மார்பை அழுத்தினால் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும்.

பெட்டி என்று நான் சொல்வது செருப்பு அல்லது மிக்ஸி வந்த சாதாரண அட்டைப்பெட்டியைத்தான். பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவுக்குச் சில துளைகள், அடியில் மடித்த பருத்தித் துணி, இவை போதும். நூல் பிரிந்த துணியோ டர்க்கி டவலோ வைத்தால் நகங்கள் சிக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் தரும் கம்பிக் கூண்டை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பிகளுக்கிடையே வெளிச்சத்தையும் ஆட்களையும் கண்டு பறவை மோதிக்கொண்டே இருக்கும். இறக்கையின் நீண்ட இறகுகளும் வால் இறகுகளும் ஒடியும். ஒடிந்த இறகு அடுத்த இறகுதிர்வுக் காலம் வரை மீண்டும் முளைக்காது. எலும்பு கூடிய பிறகும் பறக்க முடியாமல் பல மாதங்கள் அடைபட்டுக் கிடக்கும் பறவைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

கதகதப்பு தேவை என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊருக்கு அதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது சுடுவதைக் காய்ச்சல் என்று எண்ணி ஈரத்துணி போர்த்திவிடக் கூடாது. மார்கழிக் குளிரிலோ மழையில் நனைந்தோ கிடைத்த உயிராக இருந்தால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் இதற்கு நேர்மாறு. அப்போது காற்றோட்டமுள்ள நிழலில் பெட்டியை வைப்பதே போதுமானது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலோ நிறுத்திவைத்த காருக்குள்ளோ வைத்தால் வெப்பமே கொன்றுவிடும்.

பால் விஷயத்துக்கு வருவோம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை. ஆந்தை வண்டு, எலி, பல்லி தின்று வாழும் பறவை. பாலும் சோறும் பிஸ்கட்டும் அதன் வயிற்றுக்குச் சம்பந்தமில்லாதவை. ஆனாலும் பாலோ தண்ணீரோ பெரும்பாலும் கொல்வது வயிற்றின் வழியாக அல்ல, நுரையீரலின் வழியாக. பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடிப்பகுதியை ஒட்டி ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும்; அதுதான் மூச்சுக்குழாயின் வாய். அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும், மயக்கத்தில் இருக்கும் பறவையால் அந்த வாயைச் சரியான நேரத்தில் மூடிக்கொள்ள முடியாது. தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் மூச்சுத் திணறி இறந்துபோகும்போது "காலையில்கூடத் தண்ணீர் குடித்ததே" என்று வீட்டார் வருந்துவார்கள். உடல் குளிர்ந்து, அதிர்ச்சியில் இருக்கும் எந்த உயிருக்கும் செரிமானம் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கைக்குப் போய்ச் சேரும் சில மணி நேரம் பட்டினி கிடப்பதால் ஆந்தை சாகாது. தன் காலில் நிமிர்ந்து நிற்கும் உயிராக இருந்து, ஒப்படைக்க நேரமாகும் என்று தெரிந்தால், ஆழமில்லாத தட்டில் தண்ணீரைப் பெட்டிக்குள் வைக்கலாம். தேவையானால் அதுவே குடிக்கும்.

காயத்துக்கு மஞ்சள் அப்புவதும் தேங்காய் எண்ணெய் தடவுவதும் நம் வீடுகளில் இயல்பாக நடப்பவை. இறகின் மேல் எண்ணெய் பட்டால் அதன் நீர் ஒட்டாத தன்மையும் வெப்பத்தைக் காக்கும் தன்மையும் போய்விடும். உடைந்த இறக்கைக்கு ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டுவது இன்னும் ஆபத்து. பறவையின் எலும்புகளில் பல உள்ளீடற்றவை. குறிப்பாக இறக்கையின் மேற்பகுதி எலும்பு காற்றுப்பைகளோடு நேரடியாக இணைந்தது. அந்த எலும்பு முறிந்து வெளியே தெரியும்போது காயத்தின் மேல் தண்ணீர் விட்டுக் கழுவினால், தண்ணீர் எலும்பின் வழியே மூச்சு மண்டலத்துக்குப் போய்விடும். இதைத் தெரிந்த பிறகு, குழாயடியில் காட்டிக் கழுவலாம் என்ற எண்ணமே வராது. ரத்தம் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டிருங்கள்; மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். பறவை எலும்பு மனித எலும்பைக் காட்டிலும் வேகமாகக் கூடும். கோணலாக இருந்தால் கோணலாகவே கூடிவிடும் என்பதால், நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிப்போடுவது அதன் பறக்கும் வாய்ப்பையே பறிக்கிறது.

மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். டைக்ளோஃபெனாக் என்ற சாதாரண வலி மருந்து, அது செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, இந்தியாவில் அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. நமக்குத் தலைவலி போக்குகிற மருந்து இன்னொரு உயிருக்கு நஞ்சாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இரண்டு வகைக் காயங்களைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்று, பூனை கவ்விய பறவை அல்லது அணில். மேலே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஆனால் பூனையின் பல் ஊசிபோல் இறங்கியிருக்கும், அதன் எச்சிலில் உள்ள பாக்டீரியா உடலில் பரவி ஓரிரு நாளில் கொன்றுவிடும். "காயமே இல்லை, விட்டுவிட்டோம்" என்று சொல்லப்படும் இடங்களில் நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான். பூனை வாய்ப்பட்ட எந்த உயிருக்கும் அன்றைக்கே நோயெதிர் மருந்து வேண்டும். மற்றொன்று மாஞ்சா நூல். நைலான் மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை விதித்தது; இருந்தும் மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் சிக்கிய பறவையிடமிருந்து நூலை இழுத்து உருவாதீர்கள். இழுக்கும்போது அது தசையையும் தசைநாரையும் அறுக்கும். இரு பக்கமும் நூலைக் கத்தரித்து, உடலில் பதிந்திருக்கும் பகுதியை அப்படியே விட்டு எடுத்துச் செல்லுங்கள்.

யாரிடம் சொல்வது? காட்டுயிர் எதுவானாலும் முதலில் வனத்துறை. சென்னையிலும் புறநகரிலும் கிண்டி, வேளச்சேரி பகுதியில் வனத்துறை அலுவலகங்கள் உள்ளன. கிண்டியை ஒட்டிய புளூ கிராஸ், அடையாற்றில் உள்ள பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் ஆகியவை அடிபட்ட உயிர்களை நெடுங்காலமாகப் பார்த்து வருகின்றன. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பிற மாவட்டங்களில் மாவட்ட வன அலுவலகத்தையோ வனச்சரக அலுவலகத்தையோ கேட்கலாம்; நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் ஆடு மாடுகளுக்காக ஏற்பட்டது என்பதால் ஆந்தைக்கும் கீரிக்கும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பேசும்போது என்ன உயிர் (பெயர் தெரியாவிட்டால் அளவும் நிறமும்), எங்கே, எப்போது பார்த்தீர்கள், என்ன காயம், இப்போது நிற்கிறதா படுத்திருக்கிறதா, யாரையாவது கடித்ததா என்பவற்றைச் சொன்னால் அவர்கள் உடனே முடிவெடுக்க உதவும். எடுத்துவரச் சொன்னால், பெட்டியைக் காரின் தரைப்பகுதியில் வைத்து, பாட்டு, பேச்சு இல்லாமல் ஓட்டிச் செல்லுங்கள். வழியில் திறந்து பார்க்காதீர்கள். பெட்டியிலிருந்து பாய்ந்து சாலையில் விழுந்த பறவைகள் பல.

சட்டமும் இதையேதான் கேட்கிறது. 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இப்படி ஒரு காட்டுயிர் யாருடைய கைக்காவது வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதற்குரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். குணமாக்கி நாமே வளர்க்கலாம் என்று வைத்துக்கொள்வது குற்றம். ஆந்தையைப் பொறுத்தவரை மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அது வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிபவர்கள் ஒருபுறம் இருக்க, மாந்திரீகத்துக்காக, அதிலும் தீபாவளியை ஒட்டி, ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கும்பல்கள் நாட்டில் இருக்கின்றன. ஆகவே சமூக வலைத்தளத்தில் முகவரியோடு படம் போட வேண்டாம். "நான் வளர்த்துக்கொள்கிறேன்" என்று வந்து கேட்கும் முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கவும் வேண்டாம்.

இவ்வளவும் உண்மையிலேயே உதவி தேவைப்படும் உயிருக்கு. உதவியே தேவைப்படாத குட்டிகளையும் குஞ்சுகளையும் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துவந்துவிடுவது இன்னொரு பெரும் துன்பம். இறகு முளைத்து, குட்டை வாலோடு தரையில் தத்தித் தத்தி நடக்கும் காக்கைக் குஞ்சும் மைனாக் குஞ்சும் அனாதைகள் அல்ல. கூட்டை விட்டு வெளியே வந்து பறக்கப் பழகுகின்றன, தாய் தந்தையர் அருகிலிருந்து இரை கொடுக்கின்றன. நாயையும் பூனையையும் கட்டிவைத்துவிட்டு, தாழ்ந்த கிளை ஒன்றில் ஏற்றிவிட்டு, நாம் விலகிக்கொண்டால் போதும். இறகே இல்லாத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வது உண்மையல்ல. கூடு கலைந்துவிட்டால் அடியில் துளையிட்ட சிறு கூடையில் காய்ந்த தென்னை நார் வைத்து அதே மரத்தில் கட்டிவிடலாம்.

அணில் குட்டிகள்தான் நகரத்து வீடுகளில் அதிகம் கிடைப்பவை. ஏசி பெட்டியைக் கழற்றும்போதும் ஓலைக் கீற்றை அகற்றும்போதும் பஞ்சும் நாருமாக ஒரு கூடு விழும், உள்ளே கண் திறக்காத இரண்டு மூன்று குட்டிகள் இருக்கும். தாய் அணில் அருகில்தான் கத்திக்கொண்டிருக்கும். குட்டிகள் குளிர்ந்திருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடாக்குங்கள். பிறகு கூட்டுப் பஞ்சோடு ஒரு சிறு பெட்டியில் வைத்து, விழுந்த இடத்துக்கு மிக அருகில், எறும்பும் பூனையும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். தாய் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்குக் கொண்டுபோகும். அணில் பகலில் நடமாடும் விலங்கு. இருட்டும்வரை வராவிட்டால் இரவில் வராது, அப்போது குட்டிகளை எடுத்து வெதுவெதுப்பாக வைத்து உதவி கேளுங்கள். பரணில் குட்டி போட்ட மரநாயையும் விரட்ட வேண்டாம். குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் அழைத்துக்கொண்டு போய்விடும், அதன் பிறகு ஓட்டை அடைக்கலாம். புல்வெளியில் தனியே பதுங்கியிருக்கும் முயல் குட்டியும் கைவிடப்பட்டதன்று, தாய் பாலூட்ட மட்டுமே வந்துபோகும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு விருந்தாளியையும் எதிர்பார்க்கலாம். பச்சை முதுகும் கறுப்புக் கண்பட்டையும் வாலடியில் சிவப்பும் உள்ள ஆறுமணிக்குருவி, வடக்கேயிருந்து இரவுகளில் பறந்து வந்து, நகரத்து விளக்குகளில் தடுமாறிக் களைத்து, பால்கனியிலும் மாடிப்படியிலும் விழும். கண்ணாடியில் மோதிய பறவைக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள்: இருட்டுப் பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓய்வு, பிறகு செடிகள் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தல். பறந்துவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் மருத்துவர்.

நாமாகத் தொடவே கூடாத உயிர்களும் உண்டு. கொசுவலையிலோ தோட்டத்து நைலான் வலையிலோ சிக்கிய பாம்பு சாரைதான் என்று உறுதியாகத் தோன்றினாலும் நெருங்காதீர்கள். அடிபட்ட பாம்பு கடிக்கும், வெட்டுண்ட தலையும் கடிக்கும். ஒருவர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வனத்துறைக்கோ தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்கோ (101) சொல்லட்டும். குரங்கை, அதிலும் இறந்த தாயைப் பற்றிக்கொண்டிருக்கும் குட்டியை எடுக்கப் போனால் கூட்டமே பாயும். கீரி, மரநாய், வௌவால் ஆகியவற்றை வெறும் கையால் தொட வேண்டாம். பாலூட்டிகளின் கடியிலும் பிறாண்டலிலும் வெறிநாய்க்கடி நோய் பரவக்கூடும். அந்த நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே கொள்ள வேண்டும். சிறு பல் பதிந்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே கட்டணமின்றிப் போடப்படுகிறது. பறவைகளாலும் ஊர்வனவற்றாலும் இந்த நோய் வராது. ஆனாலும் எதைத் தொட்டாலும் கை கழுவ வேண்டும்.

உங்கள் ஆந்தையை ஒப்படைத்த பிறகு என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். முறிவு மூட்டுக்கு அருகில் இருந்தால், பறக்கும் அளவுக்கு அது கூடுவது அரிது. வலியிலிருந்து விடுவிப்பதே சரி என்று மருத்துவர் முடிவெடுத்தால், அதை அவருடைய இரக்கமின்மை என்று எண்ண வேண்டாம். எலும்பின் நடுப்பகுதியில் முறிந்திருந்து, தோல் கிழியாமல் இருந்தால், சில வாரங்களில் தேறிவிட வாய்ப்பு உண்டு. தேறினால் அதை விடவேண்டிய இடம் உங்கள் தெருதான். எங்கோ ஒரு காட்டில் கொண்டுபோய் விட்டால் இரை எங்கே, பொந்து எங்கே என்று தெரியாது, அங்கே ஏற்கெனவே வாழும் ஆந்தைகளும் விரட்டும். நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால் உங்களுடையது புள்ளி ஆந்தையாக இருக்கலாம்; புள்ளி ஆந்தைகள் இணையாக, ஒரே இடத்தைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. அதன் துணை இன்னும் உங்கள் பகுதியில் இருக்கக்கூடும். ஆகவே ஒப்படைக்கும்போதே, கண்டெடுத்த இடத்தின் சரியான முகவரியை எழுதிக் கொடுத்து, குணமானால் மாலை மங்கும் நேரத்தில் இங்கேயே விடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.